அட்டை போட்டவங்க கேட்டா

ஐந்தாவது மாடிக்கு எண்பத்தெட்டுப் படி. லிஃப்ட் இருக்கிறது, பேருக்கு. அதன் கதவில் ‘பழுது’ என்று ஒட்டிய தாளே பழுதாகிக் கிழிந்துபோய், யாரோ அதன்மேல் புதுத் தாள் ஒட்டியிருந்தார்கள். அதிலும் ‘பழுது’ என்றுதான் எழுதியிருந்தது. பை டீச்சர் அதைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு வார்த்தையை மனசுக்குள் சொல்லிவிட்டுப் படியேற ஆரம்பித்தாள்.

பை டீச்சர் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். அலுவலகம் வைத்த பெயர் வீட்டு வருகை உதவியாளர். வசதி இல்லாத வீடுகளில், அடுத்து பள்ளிக்கூடம் சேரவேண்டிய நாலு, நாலரை வயசுப் பிள்ளைகளை வாரம் ஒருமுறை தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். பென்சில் பிடிக்க, எண்ண, நிறம் சொல்ல, கேட்டால் பதில் சொல்லப் பழக்க வேண்டும். பெற்றவர்களுக்கும் எப்படிப் பழக்குவது என்று சொல்லித் தர வேண்டும். இப்படிப் பதினாலு வாரம். அதற்கு அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் மதிப்பீடு. பன்னிரண்டு கேள்விகள். எட்டு தேறினால் இந்த வருஷமே இடம். தேறாவிட்டால் அடுத்த வருஷம் வா என்று அனுப்பிவிடுவார்கள், ஏதோ அடுத்த பஸ்ஸில் வா என்பது போல.

கட்டைகள், கெட்டி அட்டைப் புத்தகங்கள், கலர் பென்சில், மழுங்கல் கத்தரிக்கோல், ஒற்றைக்கண் முயல் பொம்மை எல்லாம் சேர்ந்து பை பதினொரு கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு நாற்பத்தாறு வயசில் எண்பத்தெட்டுப் படி ஏறுகிறவளுக்குக் கோபம் வராமல் கும்மாளமா வரும்?

நாலாவது மாடி வீட்டில் பூட்டு தொங்கியது. பூட்டின்மேல் தூசி படிந்திருந்தது. அதை அவள் ஒன்பது வாரமாகப் பார்த்துக்கொண்டேதான் ஏறினாள். பார்த்தாளே தவிர யோசிக்கவில்லை. அதற்காகப் பிறகு தன்னையே நிறையத் திட்டிக்கொண்டாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஐந்தாவது மாடியில் கடுகின் அம்மா கதவைத் திறந்தாள். திறக்கும்போதே கொட்டாவி. ஹோட்டல்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் விரிப்பும் துண்டும் துவைத்துக் கொடுக்கிற பெரிய சலவைக்கூடத்தில், மடிக்கிற பிரிவில் வேலை. விடியற்காலை ஐந்து மணிக்குப் போனால் மதியம் இரண்டரைக்குத்தான் விடுவார்கள். கணவன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன். மாசத்தில் ஆறு நாள் வீட்டில் இருந்தால் அதிகம்.

கடுகு பாயில் உட்கார்ந்திருந்தாள். வயசு நாலரை, ஆள் மூன்று வயசு போல. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள். இந்தக் கடுகிடம் காரம் இருந்ததோ இல்லையோ, ஒன்பது வாரமாகச் சத்தமே இல்லை.

முதல் வேலை படம் எடுப்பது. டீச்சரும் பிள்ளையும் சேர்ந்து, டீச்சர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை தெளிவாகத் தெரியும்படி அலைபேசியில் எடுத்து அனுப்ப வேண்டும். அட்டை தெரியாவிட்டால் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை என்று கணக்கு. அந்த அட்டையும் லேசுப்பட்டதில்லை. உள்ளங்கை அகலம், தடித்த நீலப் பட்டை, அதில் அவளுடைய திருட்டு முழிப் படம்.

“இது என்ன நிறம், கண்ணு?” டீச்சர் சிவப்புக் கட்டையை எடுத்து நீட்டினாள்.

கடுகு கட்டையைப் பார்க்கவில்லை. டீச்சரின் நெஞ்சுக்கு நேராக எங்கோ பார்த்தாள். கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“முயல் கேக்குதும்மா. முயலுக்குச் சொல்லேன். உன் பேர் என்ன?”

ஊஹூம். முயலுக்கும் இல்லை. டீச்சர் கையைத் தட்டினாள், பாடினாள், முயலுக்கு வயிற்றுவலி என்று அழுது காட்டினாள். அரை மணி நேரம். செவிடன் காதில் சங்கு ஊதினால்கூட அவன் ஊதுகிறவன் கன்னத்தையாவது பார்ப்பான்.

“என்கிட்ட நல்லா பேசுவா மேடம்,” என்றாள் அம்மா. “நீங்க போனதும் ஆரம்பிச்சிடுவா. முயல் என்ன சொல்லுச்சுன்னு கதையே சொல்லுவா.”

“எல்லா அம்மாவும் இதத்தான்மா சொல்றாங்க.”

“இல்ல மேடம், நிஜமாவே...”

“நான் குடுத்த தாள்ல தினமும் கால் மணி நேரம் பழக்குறீங்களா, இல்லையா? கொட்டாவி விடாம சொல்லுங்க.”

அம்மா வாயை மூடிக்கொண்டாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று நினைத்தபடி டீச்சர் படிவத்தை எடுத்து, ஒன்பதாவது வாரக் கட்டத்தில் ‘பேசவில்லை’ என்று எழுதினாள். எழுதி எழுதி அந்த வார்த்தை கைக்குப் பழகிவிட்டது.

“நீங்க வேலைக்குப் போறப்ப இவளை யார் பாத்துக்கறது?”

“கீழ் வீட்டு அக்காகிட்ட விட்டுட்டுப் போவேன்.”

“அவங்களையாவது இவகிட்ட பேச்சு குடுக்கச் சொல்லுங்க.”

அம்மா தலையாட்டினாள். டீச்சர் எண்பத்தெட்டுப் படி இறங்கினாள். தூசி படிந்த பூட்டைத் தாண்டித்தான் இறங்கினாள்.

பத்தாவது வாரமும் அதே கதை. ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டார். இருபத்தொன்பது வயசு, குளிர்பதன அறை, ஒரு நாளும் ஒரு படியும் ஏறாத புத்தம்புது ஷூ.

“இந்தக் குழந்தைக்குப் பத்து வாரமா ‘பேசவில்லை’ன்னே இருக்கே. பரிந்துரை எழுதி முடிச்சிடுங்க. மதிப்பீட்டுக்கு முன்னாடி பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும்.”

“இன்னும் நாலு வாரம் இருக்கு சார்.”

“பத்து வாரத்துல பேசாத குழந்தை நாலு வாரத்துல பாடவா போகுது?”

அவள் எழுதினாள். ‘பள்ளிக்கு ஆயத்தமில்லை. ஓராண்டு தள்ளிவைக்கலாம்.’ கீழே கையெழுத்து. பிள்ளையின் நன்மைக்குத்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டி வந்ததே, அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

பன்னிரண்டாவது வாரம் பஸ்ஸில் கூட்டம். இறங்கும்போது யாருடைய பையின் வளையத்திலோ அட்டைப் பட்டை மாட்டி, கொக்கி பிய்ந்துவிட்டது. பட்டைக்கு ஒரு முடிச்சுப் போடக்கூட நிற்க நேரமில்லை. பைக்குள் எறிந்துவிட்டு எண்பத்தெட்டுப் படியையும் ஏறினாள். ஏறி முடித்து மூச்சு வாங்க நின்றபோது, கடுகின் வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் யாரையோ வாங்கு வாங்கென்று வாங்குகிற சத்தம் கேட்டது.

“எத்தனை? இவ்வளவுதானா? காலையிலேருந்து என்ன பண்ணிட்டிருந்தே? வாய் பேசுது, கை பேசலையே!”

விருந்தாளி யாரோ, மாமியாரோ, அப்புறம் வருவோமா என்று டீச்சர் தயங்கினாள். கதவு ஒருக்களித்திருந்தது. எட்டிப் பார்த்தாள்.

கடுகு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகவாயைத் தூக்கிக்கொண்டு, அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தாள். கழுத்தில் நூல் கட்டி அம்மாவின் சீப்பு தொங்கியது. பாயில் துண்டுகளும் தலையணை உறைகளும் அப்பாவின் சட்டைகளும் மூலைக்கு மூலை சேர்த்து மடித்து வரிசையாக அடுக்கியிருந்தன. டீச்சரே தன் வீட்டில் அப்படி மடித்ததில்லை.

கடுகு திரும்பினாள். டீச்சரை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏன் லேட்டு?”

டீச்சர் வாசலிலேயே நிமிர்ந்து நின்றாள். “பஸ்ல... கூட்டம், மேடம்.”

“தினம் ஒரு சாக்கு. போ, போய் எண்ணு. பத்துக்கு ஒரு கட்டு. கலரு வெள்ளையோட கலக்கக் கூடாது.”

டீச்சர் பையை இறக்கிவைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்து எண்ணினாள். தப்பாக எண்ணினால் கடுகு திருத்தினாள். ஐம்பதுவரை தடுக்காமல் போனாள். எது நீலம், எது பச்சை, எது வெளிர், எது அடர்த்தி என்று பிரித்தாள். ஒற்றைக்கண் முயல் பையிலிருந்து தலையை நீட்டியதும், “உனக்கு வயித்துவலி போயிடுச்சா?” என்று விசாரித்தாள். போன வாரத்து வயிற்றுவலி இல்லை, மூன்று வாரத்துக்கு முன்பு வந்த வயிற்றுவலி. அத்தனையும் கேட்டிருக்கிறாள். ஒன்றையும் விடாமல் கேட்டுவிட்டு, ஒன்றுக்கும் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதைப் படம் எடுத்தே ஆகவேண்டும். பைக்குள் துழாவி, அட்டையை எடுத்து, பட்டையை முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாட்டினாள்.

கடுகின் வாய் அப்படியே நின்றது. குழாயை மூடினாற்போல. சீப்பைக் கழற்றிச் சட்டைக்குள் ஒளித்தாள். பாயில் உட்கார்ந்தாள். கை இரண்டும் தொடைக்கு அடியில் போயின. கண் டீச்சரின் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது. அது எங்கோ பார்க்கிற பார்வை இல்லை என்று டீச்சருக்கு அப்போதுதான் புரிந்தது. பன்னிரண்டு வாரமும் பிள்ளை பார்த்தது அட்டையை.

குளியலறையிலிருந்து ஈரத் துணிவாளியோடு அம்மா வந்தாள். டீச்சர் முகத்தைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், வாளியைக் கீழே வைத்தாள்.

“என்னம்மா இது? அட்டையைப் பாத்தா ஏன் இப்படி ஆகறா?”

அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்துதான் பேசினாள்.

“கீழ் வீட்டு அக்கா காலி பண்ணிட்டுப் போய் எட்டு மாசம் ஆகுது மேடம். யார்கிட்ட விடுவேன்? கூடவே கூட்டிட்டுப் போறேன். அழுக்கு விரிப்பு போடற கூடை ஒண்ணு, சக்கரம் வச்சது, அதுக்குள்ள நல்ல விரிப்பா போட்டு உக்கார வச்சிடுவேன். கூட மடிக்கிறவங்க காட்டிக் குடுக்க மாட்டாங்க. ஆனா மேற்பார்வை மேடம் பாத்தாங்கன்னா அன்னிக்கே சீட்டு கிழிஞ்சிடும். அதனால சொல்லி வச்சேன். கழுத்துல அட்டை போட்டவங்க கேட்டா உனக்கு வாய் கிடையாது. பேர் கேட்டாலும் கிடையாது, மிட்டாய் குடுத்தாலும் கிடையாதுன்னு. எட்டு மாசத்துல ஒரு நாள் தப்பினதில்ல மேடம். ஒண்ணுக்கு வந்தாக்கூட அடக்கிட்டு உக்காந்திருப்பா, எம் பொண்ணு.”

கடைசி வார்த்தையில் பெருமை இருந்தது. நாலாவது மாடிப் பூட்டின்மேல் படிந்த தூசி டீச்சருக்கு இப்போதுதான் உறைத்தது, மனசுக்குள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

“என்கிட்ட முதல் வாரமே சொல்லியிருக்கக் கூடாதா? எத்தனை தடவை கேட்டேன்?”

“நீங்களும் அட்டை போட்டிருந்தீங்களே மேடம்.”

டீச்சர் குனிந்து தன் அட்டையைப் பார்த்துக்கொண்டாள். அம்மாவே தொடர்ந்தாள்.

“இந்த வருஷம் இடம் கிடைச்சே ஆகணும். இன்னொரு வருஷம் முடியாது மேடம். வளந்துட்டா. கூடைக்குள்ள அடங்க மாட்டேங்கறா. முட்டி ரெண்டும் மேல தெரியுது.”

அடுத்த நாள் டீச்சர் ஒருங்கிணைப்பாளர் முன்னால் போய் நின்றாள். பரிந்துரையைத் திருத்த வேண்டும் என்றாள்.

“அனுப்பியாச்சே. பதிவு பூட்டியாச்சு. திருத்தணும்னா காரணம் எழுதணும். பத்து வாரம் பேசாத குழந்தை பன்னெண்டாவது வாரம் ஏன் பேசிச்சு? என்ன எழுதப் போறீங்க?”

என்ன எழுதுவது? நடந்ததை எழுதினால், வேலை செய்யும் இடத்தில் பிள்ளையை ஒளித்து வைத்திருக்கிறாள் என்று ஆகும். அப்படித் தெரியவந்தால் உடனே மேலே தெரிவிக்க வேண்டும் என்று விதிப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. மேலே தெரிவித்தால் சலவைக்கூடத்துக்கு ஆள் போவார்கள். அம்மாவுக்கு வேலை போகும். வேலை போனால் வாடகை எங்கே, வீடு எங்கே, வீட்டு விலாசம் கேட்கிற பள்ளிக்கூடம் எங்கே. டீச்சர் வாயைத் திறந்தாள், மூடினாள். இப்போது வாயில்லாமல் போனது அவளுக்கு.

“பூட்டினது பூட்டினதாவே இருக்கட்டும் சார்,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வராந்தாவில் குப்பைத்தொட்டி ஒன்று இருந்தது. அதை ஓர் உதை விட்டாள். கால்தான் வலித்தது.

மிச்சமிருந்த இரண்டு வாரமும், தன் மற்ற வீடுகளை முடித்துவிட்டுத் தினமும் அந்தப் படிகளை ஏறினாள். அட்டை இல்லாமல் போனால் கடுகு மழைபோலப் பேசுவாள். அட்டையைப் பாதி தெரிகிறமாதிரி சட்டைப்பைக்குள் வைத்தால் முனகுவாள். கழுத்தில் மாட்டினால் தீர்ந்தது. முயலுக்கு அட்டை மாட்டிப் பார்த்தார்கள். கடுகு முயலோடும் பேச்சை நிறுத்திக்கொண்டாள். “இந்த டீச்சர் நல்ல டீச்சர்டி, பேசலாம்,” என்று அம்மா கெஞ்சினாள். கடுகு அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். சோதித்துப் பார்க்கிறாயா, நான் ஏமாற மாட்டேன் என்கிற பார்வை. நன்றாகப் படித்த பாடத்தை மறக்கச் சொன்னால் எந்தப் பிள்ளை மறக்கும்?

மதிப்பீட்டு நாள் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறை. குட்டி மேசை, குட்டி நாற்காலிகள். அவற்றில் முழங்கால் முகவாயில் இடிக்கும்படி பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட உடையில் வந்திருந்தாள். கடுகின் தலை படிய வாரியிருந்தது. மதிப்பீட்டாளர் ஐம்பது வயசு இருக்கும் ஓர் அம்மாள். ஜலதோஷம். மேசையில் படிவக் கட்டு. கழுத்தில் அட்டை ஒன்றல்ல, இரண்டு. ஒன்று அடையாள அட்டை, இன்னொன்று கதவு திறக்கிற அட்டை.

டீச்சர் குனிந்து மெதுவாகக் கேட்டாள். “மேடம், ஒரு அஞ்சு நிமிஷம் அந்த அட்டையைக் கழட்டி வச்சுட்டுக் கேக்க முடியுமா?”

“எதுக்கு?”

“இந்தப் பிள்ளைக்கு அட்டைன்னா பயம்.”

“பயமா?” மதிப்பீட்டாளர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “போன மாசம் ஒருத்தர் கழட்டி வச்சுட்டு, மேலதிகாரி வந்து பாத்துட்டுப் பெரிய பிரச்சினை ஆச்சு. முடியாதும்மா. அதுவுமில்லாம, உங்க குறிப்பு இங்க இருக்கே. பத்து வாரம் பேசவில்லை. ஓராண்டு தள்ளிவைக்கலாம். இது உங்க கையெழுத்துதானே?”

“என்னுதுதான்.”

“அப்புறம்? வந்ததுக்குக் கேட்டுடறேன். முதல் மூணுக்கு வாய் திறக்கலன்னா மேல கேக்கக் கூடாதுன்னு விதி.” அவர் கடுகின் பக்கம் திரும்பினார். குரல் இனிமையாகத்தான் இருந்தது. “உன் பேர் என்ன, செல்லம்?”

கை இரண்டும் தொடைக்கு அடியில் போயின.

“உனக்கு எத்தனை வயசு?”

கண் இரண்டு அட்டைகளின்மேலும் மாறி மாறிப் போனது. அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு, பேசு பேசு என்று கண்ணால் சொன்னாள். அட்டைக்காரர் முன்னால் அம்மா கண்ணால் சொல்வதெல்லாம் பேசாதே என்றுதான் கடுகுக்குத் தெரியும். இன்னும் இறுக்கமாக உட்கார்ந்தாள்.

“உன் வீடு எங்க இருக்கு?” கேட்கும்போதே மதிப்பீட்டாளரின் பேனா படிவத்தின் அடிப்பக்கத்துக்குப் போய்விட்டது.

டீச்சருக்கு உச்சந்தலைவரைக் கோபம் ஏறியது. யார்மேல் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அந்தப் பேனாமேல், அந்த இரண்டு அட்டைகள்மேல், ஷூக்காரர்மேல், தன் கையெழுத்துமேல், எல்லாவற்றின்மேலும். கழுத்திலிருந்த தன் அட்டையை வெடுக்கென்று உருவினாள். மேசையில் அடிக்கத்தான் போனாள். அடிக்கப் போன கை, அந்தச் சீப்பு ஞாபகம் வந்து, பாதியில் திரும்பியது. பட்டையைக் கடுகின் கழுத்தில் மாட்டினாள்.

“இந்தாங்க மேடம்,” என்றாள் கடுகிடம். “நீங்களே கேளுங்க.”

அட்டை கடுகின் மடிவரை தொங்கியது. அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். நிஜ அட்டை. நாற்காலியிலிருந்து இறங்கினாள். கை தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டது. முகவாய் மேலே போனது. மதிப்பீட்டாளரின் படிவக் கட்டைப் பார்த்தாள்.

“எத்தனை?”

“என்ன எத்தனை?” என்றார் மதிப்பீட்டாளர்.

“கேட்டா பதில் சொல்லணும். முடிச்சது எத்தனை?”

“இன்னிக்கா... இருபத்தேழு.”

“பத்துக்கு ஒரு கட்டு. ரெண்டு கட்டு, ஏழு உதிரி. ஏன் கம்மி? வாய் பேசுது, கை பேசலையே!”

மதிப்பீட்டாளர் பேனாவைக் கீழே வைத்தார். கடுகு மேசையைச் சுற்றி வந்தாள். நிற அட்டைகளைப் பார்த்ததும் முகம் சுளித்தாள். வெள்ளையையும் கலரையும் யார் கலந்தது என்று அதட்டி, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பெயர் சொல்லிப் பிரித்து வைத்தாள். வடிவங்களில் சதுரத்தை எடுத்து, “இது சரி,” என்றாள். முக்கோணத்தை எடுத்து, “இதுல ஒரு மூலையைக் காணோம்,” என்றாள். வட்டத்தை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, “இதுல மூலையே இல்ல. இத எப்படி மடிக்கிறது?” என்று நிஜமாகவே கேட்டாள்.

மதிப்பீட்டாளர் பேனாவை எடுத்து மளமளவென்று குறிக்க ஆரம்பித்தார். “மேடம், உங்க பேர் என்ன மேடம்?” என்று கேட்டார், இந்த முறை எழுந்து நின்று. கடுகு பெயரைச் சொன்னாள், அப்பாவின் முதலெழுத்தோடு. நாலரை வயசு என்றாள். வீட்டு எண் சொன்னாள், அஞ்சாவது மாடி என்றாள், லிஃப்ட் பழுது என்பதையும் சேர்த்துச் சொன்னாள். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

அதோடு நின்றிருக்கலாம். மேற்பார்வை செய்கிறவர் வரிசையில் ஒருவரை விட்டுவிட்டுப் போவாரா? கடுகு நடந்து நடந்து அம்மாவின் முன்னால் வந்து நின்றாள்.

“எத்தனை?”

அம்மா எழுந்துவிட்டாள். யோசித்து எழவில்லை. அந்தக் குரல் கேட்டதும் உடம்பு எழுந்துவிட்டது. குட்டி நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. “நூத்திப் பத்து மேடம்.”

“கறை?”

“மூணு மேடம். தனியா வச்சுட்டேன்.”

கடுகு அம்மாவின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். “புள்ளையக் கூட்டிட்டு வந்திருக்கியா?”

அம்மா மதிப்பீட்டாளரைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். அப்புறம் தன் மகளைப் பார்த்தாள். கை இரண்டையும் முன்னால் கோத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

“இல்ல மேடம். நான் தனியாத்தான் வந்தேன். எனக்குப் புள்ள கிடையாது.”

“ம். வேலையப் பாரு,” என்றாள் கடுகு. அவளுக்குத் திருப்தி. கூடைக்குள் உட்கார்ந்து எட்டு மாசமாகக் கேட்ட பதில் அதுதான். ஒரு வார்த்தை மாறவில்லை.

மதிப்பீட்டாளருக்கு எவ்வளவு புரிந்தது என்று டீச்சருக்குத் தெரியாது. அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். டீச்சருடைய குறிப்பை எடுத்து, படிவங்களுக்கெல்லாம் அடியில் செருகினார். “பன்னெண்டுல பதினொண்ணு. ஒண்ணுதான் பாக்கி, அது இல்லாட்டியும் பரவாயில்ல. இந்த வருஷமே இடம் உண்டு,” என்றார். எதையும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டாரே, அதற்காகவே டீச்சர் அவருக்கு ஜென்மத்துக்கும் கடமைப்பட்டவள் ஆனாள்.

அம்மா கீழே உட்கார்ந்து, மகளின் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றி டீச்சரிடம் கொடுத்தாள். அட்டை போனதும் கடுகு சுற்றிப் பார்த்தாள். இரண்டு அட்டை போட்டவர் எதிரில் நிற்கிறார். அவர் முன்னால் இத்தனை நேரம் பேசியிருக்கிறாள். கடுகின் முகம் வெளுத்தது. அம்மாவின் காதைப் பிடித்து இழுத்தாள். ரகசியம் என்று நினைத்து அவள் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

“அம்மா, நான் பேசிட்டேன். உனக்கு வேலை போயிடுமா?”

அம்மா மகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “போகாது. அது அங்க. இங்க அட்டை போட்டவங்க கேட்டாலும் உனக்கு வாய் உண்டு. புரிஞ்சுதா?”

“நிஜமாவா?”

“நிஜமா.”

கடுகு அதை நம்பலாமா என்று கொஞ்ச நேரம் நின்று யோசித்தாள். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினாள். பிறகு மதிப்பீட்டாளரின் பக்கம் திரும்பி, அந்த இரண்டு அட்டைகளையும் பார்த்தபடி, மேற்பார்வைக்காரியின் குரலில் இல்லாமல் தன் சொந்தக் குரலில், சின்னதாகச் சொன்னாள்.

“எனக்கு ஒண்ணுக்கு வருது.”

மதிப்பீட்டாளர் படிவத்தைத் திரும்ப எடுத்தார். பன்னிரண்டாவது கேள்வி, கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் பிள்ளை தானாகச் சொல்கிறதா என்பது. அதில் ஒரு குறி போட்டுவிட்டு, எழுந்து கதவைத் திறந்து வழி காட்டினார். கடுகு ஓடினாள்.